தழைச்சத்துக் கணக்கு: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கழிவும் அம்மோனியாவும்

அம்மோனியா என்பது ஒரு நைட்ரஜன் அணுவோடு மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த வாயு. கோழிப்பண்ணைக்குள் காலடி வைத்தவுடன் கண்ணைக் கரிக்கச் செய்வது அதுதான். மூடிக் கிடந்த மாட்டுத் தொழுவத்தை விடிகாலையில் திறந்தால் மூக்கில் ஏறுவதும் அதுதான். விவசாயி காசு கொடுத்து வாங்கும் யூரியாவும் ஆலைக்குள் முதலில் அம்மோனியாவாகத்தான் உருவாகிறது. ஆந்திரத்தின் தென்கோடியில் உள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பால்மாடுகள், கோழிப்பண்ணைகள், மாம்பழக் கூழ் ஆலைகள், திருமலைக்கு நாள் தவறாமல் ஏறும் பக்தர் கூட்டம் ஆகிய நான்கும் சேர்ந்து ஏராளமான கரிமக் கழிவைக் குவிக்கின்றன. அதிலுள்ள தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், பெரும்பகுதி அம்மோனியாவாகிக் காற்றில் கலக்கிறது, இல்லாவிட்டால் நைட்ரேட்டாக மாறிக் கிணற்று நீரில் இறங்குகிறது. அதைப் பிடித்து உரமாக்கும் வழிகள் பல உண்டு. அவற்றில் எது எங்கே கட்டுப்படியாகும் என்பதில்தான் சிக்கல்.

கழிவிலிருந்து அம்மோனியா எடுப்பது புதிய சங்கதி அல்ல. காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்யலாம் என்று ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் காட்டினார். கார்ல் போஷ் 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் அதை ஆலையாக்கினார். அதுவரை சந்தையில் விற்ற அம்மோனியம் சல்பேட்டில் பெரும்பகுதி, நிலக்கரியைச் சுட்டு வாயு எடுக்கும் ஆலைகளின் கழிவுநீரிலிருந்து வந்தது. இன்றும் செயில் நிறுவனத்தின் உருக்காலைகள் கரி அடுப்பு வாயுவில் வரும் அம்மோனியாவைப் பிடித்து, 'ராஜா' என்ற பெயரில் அம்மோனியம் சல்பேட்டாக விற்கின்றன.

தென்னிந்தியாவுக்கும் உரத்தோடு பழைய உறவு உண்டு. இந்தியாவின் முதல் ரசாயன உர ஆலையைப் பாரி நிறுவனம் 1906இல் ராணிப்பேட்டையில் தொடங்கியது. அப்போது அந்த ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகர் சித்தூர். அங்கே தயாரானது சூப்பர் பாஸ்பேட், அதாவது மணிச்சத்து. தழைச்சத்து உரம் 1947இல் கொச்சி அருகே ஏலூரில், சேஷசாயி சகோதரர்கள் நிறுவிய ஃபாக்ட் ஆலையிலிருந்து வரத் தொடங்கியது. அங்கே ஹைட்ரஜனுக்கு மூலப்பொருளாக எரித்தது விறகு! விறகு போய் நாப்தா வந்தது, நாப்தா போய் இயற்கை எரிவாயு வந்தது. மணலி, தூத்துக்குடி யூரியா ஆலைகளும் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு வந்துவிட்டன. அந்த வாயுவில் கணிசமான பங்கு கப்பலில் இறக்குமதியாகிறது. தொழுவத்திலும் பண்ணையிலும் ஆவியாகும் தழைச்சத்துக்கு ஈடாக வாங்குவது இதைத்தான்.

தீவனத்தில் புரதமாகப் போகும் நைட்ரஜனில் பாலாகவோ முட்டையாகவோ திரும்புவது கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான். மிச்சம் கழிவில் போய்விடும். பால் கறக்கும் கலப்பின மாடு ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் தழைச்சத்தை வெளியேற்றும். (சித்தூர் மாவட்டத்துக்கே உரிய புங்கனூர் குட்டை மாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அது தின்பதும் குறைவு, போடுவதும் குறைவு.) இதில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில் யூரியாவாக இருக்கும். சாணத்திலுள்ள நுண்ணுயிரிகளின் நொதி அந்த யூரியாவைத் தொட்டதும், சில மணி நேரத்திலேயே அது உடைந்து அம்மோனியாவாகத் தொடங்கிவிடும். சாணத்தை அக்கறையாக அள்ளிக் குப்பைக்குழியில் சேர்த்துவிட்டு மூத்திரத்தை மண் தரையில் ஊறவிடும் தொழுவம், தழைச்சத்தில் பாதியை அன்றன்றே இழந்துவிடுகிறது.

கோழியின் வழி வேறு. அது மூத்திரம் பெய்வதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் யூரிக் அமிலம்தான் அதன் மூத்திரம். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு ஒன்றரை கிராம் அளவு தழைச்சத்தை வெளியேற்றுவதாக வைத்துக்கொண்டால், 10,000 கோழி உள்ள பண்ணையில் 15 கிலோ ஆகும். யூரியாவாகச் சொன்னால் தினமும் முக்கால் மூட்டை. எச்சம் காய்ந்திருக்கும்வரை யூரிக் அமிலம் அப்படியே கிடக்கும். குடிநீர்க் குழாயின் நிப்பிள் ஒழுகி எச்சம் நனைந்துவிட்டால் இரண்டொரு நாளில் நெடி கிளம்பிவிடும்.

நெடி கிளம்புமா கிளம்பாதா என்பதைத் தீர்மானிப்பது பி.ஹெச். எனப்படும் கார அமில நிலை. நீரில் கரைந்த அம்மோனியா இரண்டு உருவில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். அது நீரை விட்டுப் போகாது. மற்றது வாயுவான அம்மோனியா. அது வாய்ப்புக் கிடைத்ததும் பறந்துவிடும். சாதாரண வெப்பநிலையில் பி.ஹெச். 7 ஆக இருந்தால் நூற்றில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அம்மோனியமாகவே இருக்கும். 9.25இல் சரிபாதி ஆகிவிடும். 11இல் ஏறக்குறைய முழுவதும் வாயுதான். சூடு ஏறினாலும் வாயுவின் பங்கு கூடும். அம்மோனியா மீட்புத் தொழில்நுட்பம் முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றியே நடக்கிறது. அம்மோனியாவைக் கழிவிலேயே நிறுத்த அமிலப் பக்கம் தள்ள வேண்டும். வெளியே இழுக்கக் காரத்தையும் சூட்டையும் ஏற்ற வேண்டும்.

ஈ மொய்க்காமலிருக்கக் கூண்டுக்கு அடியில் சேரும் எச்சத்தின் மேல் சுண்ணாம்புத் தூள் தூவும் வழக்கம் பல பண்ணைகளில் உண்டு. ஈர எச்சத்தின் மேல் சுண்ணாம்பு விழுந்த சில நிமிடங்களில் நெடி சுள்ளென்று ஏறும். பி.ஹெச். உயர்ந்து, உரமாக நின்றிருக்க வேண்டிய தழைச்சத்து ஷெட்டின் கூரை வழியே வெளியேறுகிறது. ஈ குறைகிறது, எருவின் மதிப்பும் குறைகிறது. சூப்பர் பாஸ்பேட்டோ ஜிப்சமோ தூவினால் நடப்பது வேறு. அம்மோனியா எருவிலேயே தங்கும். அம்மோனியா மீட்புக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனாலும் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. விற்க இயந்திரம் எதுவும் இல்லாததுதான் காரணமோ என்னவோ.

சாண எரிவாயுக் கலனுக்குள் கழிவு போனால் கணக்கு கொஞ்சம் மாறும். காற்றில்லாத கலனில் நுண்ணுயிரிகள் கரிமத்தை மீத்தேனாக மாற்றுகின்றன; நைட்ரஜனைத் தொடுவதில்லை. உள்ளே போன தழைச்சத்து அவ்வளவும் வெளியே வரும் கரைசலில் இருக்கும். ஆனால் புரதமாகக் கட்டுண்டிருந்ததில் பாதிக்கு மேல் இப்போது அம்மோனியமாக அவிழ்ந்திருக்கும், பி.ஹெச். 8ஐ நெருங்கியிருக்கும். பயிருக்கு உடனே கிடைக்கும் உருவம் அது. காற்றில் உடனே பறக்கும் உருவமும் அதுவே. பல வீடுகளில் இந்தக் கரைசலைக் கலனுக்கு அடுத்த குழியில் விட்டு, வெயிலில் காயவைத்து, கட்டியானதும் வண்டியில் ஏற்றுகிறார்கள். ஈரமாக ஏற்றுவது தொல்லை என்பது உண்மைதான். ஆனால் மேலே ஏடு கட்டிக் காயக் காய, அம்மோனியமாக இருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். வயலுக்குப் போவது மக்கும் மணிச்சத்தும்தான். கரைசலைப் பாசன நீரோடு விட்டால், அல்லது சருகும் வைக்கோலும் போட்ட குழியில் மூடி வைத்தால், இந்த இழப்பு பாதிக்கு மேல் குறையும்.

கோழி எருவை மட்டும் கலனில் போட்டால் வேறு வம்பு வரும். அம்மோனியா லிட்டருக்கு மூன்று கிராமைத் தாண்டியதும் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் சோர்ந்துவிடும். கோழி எருக் கரைசலில் அது ஐந்தாறு கிராம் வரைகூட எகிறும். முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லில் கோழி எருவிலிருந்து 2.4 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் ஆலை வந்தது. அங்கே போலவே எங்கேயும் இந்த எருவுக்குத் தண்ணீரோ வேறு கழிவோ சேர்த்துத்தான் ஆக வேண்டும். சித்தூருக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. அங்குள்ள கூழ் ஆலைகள் தோத்தாபுரி மாம்பழத்தை அரைக்கும்போது, தோலும் கொட்டையுமாகப் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு கழிவாகிறது. அது கரிமம் மிகுந்தது, தழைச்சத்து குறைந்தது, புளிப்பானது. கோழி எருவுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டு கிடைக்காது. சீசன் கோடையில் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடுவதுதான் குறை. தோலைக் காற்றுப் புகாமல் ஊறவைத்துச் சேமித்தால் ஒழிய, மற்ற மாதங்களுக்கு வேறு துணை தேட வேண்டும்.

திருப்பதி நகரின் ஈரக்கழிவு ரேணிகுண்டா பக்கமுள்ள தூக்கிவாக்கத்துக்குப் போகிறது. அங்கே மாநகராட்சிக்காக அமைந்த உயிரிவாயு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 50 டன். திருமலையில் 1985இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தின் சமையற்கூடங்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் உணவுக் கழிவு தனி. மலை மேலே வேறொரு தழைச்சத்துச் சுரங்கமும் இருக்கிறது. பக்தர்கள் காணிக்கையாகத் தரும் முடியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். ஆனால் தேவஸ்தானம் அதைத் தரம் பிரித்து ஏலம் விட்டு ஆண்டுதோறும் பல கோடி ரூபாய் ஈட்டுகிறது. அதை உரமாக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

தூக்கிவாக்கம் போன்ற ஆலையில் அம்மோனியாவைத் தனியே எடுக்க விரும்பினால், உலகெங்கும் நன்கு பழகிய முறை காற்றடித்து நீக்குவது. செரித்த கரைசலைப் பிழிந்து திடப்பொருளைப் பிரித்து, திரவத்தை 60, 65 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். முதலில் சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதைப் போலக் கரியமில வாயு வெளியேறும். அது போகப் போக பி.ஹெச். தானாகவே ஏறும், காரம் சேர்க்கும் செலவு குறையும். பிறகு பிளாஸ்டிக் வளையங்கள் நிரப்பிய உயரமான கோபுரத்தின் மேலிருந்து திரவம் வழியும், கீழிருந்து காற்று ஏறும். அம்மோனியாவைச் சுமந்த காற்று இரண்டாவது கோபுரத்தில் கந்தக அமிலத் தூறலைச் சந்திக்கும். அங்கே அது அம்மோனியம் சல்பேட் கரைசலாகிவிடும். காற்று மறுபடி முதல் கோபுரத்துக்குத் திரும்பும். நடைமுறையில் தலைவலி தருவது வளையங்களில் படியும் சுண்ணாம்புப் பாறைதான். சுண்ணாம்பைக் காரமாகச் சேர்த்த ஆலைகளில் அது இன்னும் வேகமாகப் படியும். நார்வேயின் ஆஸ்லோ நகரக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேயாஸ் ஆலை கந்தக அமிலத்துக்குப் பதில் நைட்ரிக் அமிலம் விட்டு அம்மோனியம் நைட்ரேட் எடுத்தது.

இனி கணக்கு. நகரத்து ஈரக்கழிவு டன்னுக்கு 5 கிலோ தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், 50 டன்னில் 250 கிலோ. செரித்தபின் அம்மோனியமாகக் கிடைப்பது 150 கிலோ இருக்கலாம். ஒரு கிலோ தழைச்சத்தைப் பிடிக்க மூன்றரை கிலோ கந்தக அமிலம் வேண்டும். ஆக, தினமும் அரை டன் அமிலம் ஊற்றினால் 700 கிலோ அம்மோனியம் சல்பேட் கிடைக்கும். இதே 150 கிலோ தழைச்சத்து ஏழு மூட்டை யூரியாவில் இருக்கிறது. 45 கிலோ வேம்பு பூசிய யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு விற்கிறது. கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஏழு மூட்டையின் விலை இரண்டாயிரம் ரூபாயைத் தொடாது. அரை டன் அமிலத்தின் விலை அதைத் தாண்டிவிடும். யூரியாவின் உண்மை விலை அந்த 266 ரூபாயைப் போலப் பல மடங்கு, மீதியை மானியமாக அரசு கட்டுகிறது. கழிவிலிருந்து எடுத்த தழைச்சத்துக்கு அதே மானியம் இல்லாதவரை, இந்தப் போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

ஆற்றல் கணக்கும் கவனிக்கத்தக்கது. ஒரு டன் திரவத்தை 35 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடேற்ற 35 யூனிட் அளவு வெப்பம் வேண்டும். அதில் மூன்று கிலோ தழைச்சத்து இருந்தால் கிலோவுக்கு 12 யூனிட் ஆகிறது. இயற்கை எரிவாயுவில் ஓடும் ஹேபர் ஆலைகள் செலவிடுவதும் ஏறக்குறைய அவ்வளவே. எனவே வாயு எஞ்சினின் வீண் வெப்பத்தைப் பயன்படுத்தினால்தான் இந்த முறைக்கு அர்த்தமுண்டு. திரவம் எவ்வளவு செறிவோ அவ்வளவு லாபம். கோழி எருக் கரைசலில் செலவு பாதியாகும். வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 20, 40 மில்லிகிராம்தான் இருக்கும். அதை நேராகச் சூடாக்க நினைப்பது வீண். அங்கே இன்று செய்வது, மின்சாரம் செலவழித்துக் காற்றூதி, அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாக வானத்துக்கே திருப்பி அனுப்புவது.

அமிலத்தைத் தவிர்க்கவும் வழி இருக்கிறது. அம்மோனியாவையும் உடன் வரும் கரியமில வாயுவையும் நீரில் கரைத்து ஜிப்சத்தோடு கலக்கினால் அம்மோனியம் சல்பேட்டும் சுண்ணாம்புப் பொடியும் பிரியும். 1951இல் சிந்திரியில் உற்பத்தி தொடங்கிய அரசு உர ஆலை இந்த முறையைத்தான் பின்பற்றியது. கிலோ தழைச்சத்துக்கு ஆறு கிலோ ஜிப்சம் ஆகும். எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் பாஸ்பேட் உர ஆலைகளின் துணைப்பொருளாக அது கிடைக்கிறது. கிடைக்கும் உரத்தில் தழைச்சத்து 21 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, கந்தகம் 23 சதவீதம். ராயலசீமையின் மானாவாரி நிலக்கடலைக்குக் கந்தகம் தேவை. 'தரணி' போன்ற ரகங்களை வெளியிட்ட திருப்பதி ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியப் பயிரே கடலைதான். ஆனால் கடலை தழைச்சத்தைத் தானே வேர்முடிச்சில் தயாரித்துக்கொள்ளும், அடியுரமாகக் கொஞ்சம் போதும். தழைச்சத்தை வாங்கி விழுங்கும் பயிர்கள் கரும்பும், குப்பம், பலமனேர்ப் பக்கத்து மல்பெரியும், தீவனப்புல்லுமே.

மூன்றாவது வழி ஸ்ட்ரூவைட். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சம எண்ணிக்கையில் சேர்ந்த வெண்படிகம் இது. கழிவுநீர்க் குழாய்களை அடைத்து இன்ஜினீயர்களைப் படுத்துவதும், கிருமி தொற்றிய சிறுநீரகத்தில் கல்லாக வளர்வதும் இதே பொருள்தான். கனடாவின் எட்மன்டனில் ஆஸ்டரா நிறுவனம் 2007இல் இதைக் குருணை உரமாகத் தயாரிக்கத் தொடங்கியது. மெக்னீசியத்துக்குத் தமிழகத்தில் பஞ்சமில்லை. சேலத்தில் மேக்னசைட் கிடைக்கிறது, உப்பளங்களில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரிலும் இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரூவைட்டில் தழைச்சத்து ஆறு சதவீதத்துக்கும் கீழே. கழிவில் மணிச்சத்து தீர்ந்ததும் படிகம் வளர்வது நின்றுவிடும், அம்மோனியத்தில் பெரும்பகுதி திரவத்திலேயே தங்கும். இதை மணிச்சத்து மீட்பு என்று சொல்வதே பொருத்தம். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் உருவாக்கிய, வாயுவை மட்டும் கசியவிடும் சவ்வுக் குழாய் முறை இன்னும் நேர்த்தியானது. குழாய்க்குள் அமிலம் ஓடும், வெளியே கழிவு நிற்கும். சூடோ கோபுரமோ தேவையில்லை. அமிலச் செலவு மட்டும் அங்கேயும் உண்டு.

மனித மூத்திரம் கலக்காமல் கிடைத்தால் நிலைமை தலைகீழ். ஒருவர் ஆண்டுக்கு நாலு கிலோ அளவு தழைச்சத்தை மூத்திரத்தில் மட்டும் விடுகிறார்; லிட்டருக்கு ஏழெட்டு கிராம், சாக்கடையைப் போல நூறு மடங்குக்கு மேல் செறிவு. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் மூத்திரத்தைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறை கட்டி, பயன்படுத்துபவருக்குக் காசும் கொடுத்தது. சேர்ந்த மூத்திரம் வாழைக்கு உரமாகச் சோதிக்கப்பட்டது. ஸ்விட்சர்லாந்தில் ஈவாக் ஆய்வகம் உருவாக்கிய முறையில் மூத்திரத்திலிருந்து எடுத்த 'ஆரின்' என்ற திரவ உரத்துக்கு 2018இல் முழு அனுமதி கிடைத்தது. பல்லாயிரம் பேர் மணிக்கணக்கில் காத்திருக்கும் திருமலை வரிசை மண்டபங்கள், இந்த வகைக் கழிப்பறைக்குத் தென்னாட்டிலேயே மிகப் பொருத்தமான இடங்களில் ஒன்று. தண்ணீரை மலைக்கு ஏற்றும் செலவும் மிச்சமாகும்.

சித்தூர், திருப்பதிப் பகுதிக்கு இப்போதைக்கு ஒத்துவருவது, செரித்த கரைசலைச் சுற்று வட்டாரப் பயிருக்கே கொடுப்பதுதான். உயிரிவாயு ஆலைகளின் நொதித்த எருவுக்குத் திடமானாலும் திரவமானாலும் டன்னுக்கு 1500 ரூபாய் சந்தை உதவி தர மத்திய அரசு 2023இல் முடிவு செய்தது. திரவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர் என்பதால் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் டேங்கர் ஓட்டினால் உதவித்தொகை டீசலுக்குப் போய்விடும். ஆலையைச் சுற்றி அந்தத் தொலைவுக்குள் போதிய நிலம் இல்லாத இடத்திலும், பெரிய கோழிப்பண்ணைகளிலும் கோபுரமும் அமிலமும் தேவைப்படும். அம்மோனியாவை எடுத்தபின் எஞ்சும் திரவத்தில் சாம்பல் சத்து அப்படியே இருக்கும், கூடவே உப்பும் இருக்கும். அன்னதானக் கூடத்துச் சாம்பாரிலும் ரசத்திலும் போட்ட உப்பு முழுவதும் அதில் சேர்ந்துவிடும். நீர் கலந்து, உப்பைத் தாங்கும் தீவனப்புல்லுக்கு மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும். ஒரே வயலில் தொடர்ந்து விட்டால் மண் இறுகிவிடும்.